தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியும் எல்லாம் பாழ்! வெளியே கிடக்கும் மேசை நாற்காலியை எப்படித்தான் காப்பாத்துறது?

#1 மாடிவாசி

வணக்கம். மழைக்காலம் முழுக்க வீட்டில் இருக்க மாட்டேன்னு தெரிஞ்சதும், கிளம்புறதுக்கு முந்தின நாள் மொட்டை மாடியில கிடந்த சாமான் எல்லாத்தையும் ஒரு மூலையில ஒதுக்கினேன். தடிமனான தார்ப்பாய் போட்டு, தரை வரைக்கும் இழுத்து மூடி, நாலு பக்கமும் கயிறு கட்டி இறுக்கிட்டுப் போனேன். எறும்புகூட நுழைய முடியாதுன்னு பெருமை வேற. மூணு மாசம் கழிச்சு நேத்துதான் அவிழ்த்தேன். வந்த வாடையிலேயே பாதி விஷயம் புரிஞ்சிடுச்சு.

தேக்கு மேசை: வார்னிஷ் அங்கங்க பால் மாதிரி வெளுத்துப்போய், நகத்தால சுரண்டினா தோல் தோலா வருது. ஸ்க்ரூ தலையைச் சுத்தி மை கொட்டினாப்ல கறுப்பு.
இரும்புக் குழாய் நாற்காலி நாலு: மேல பெயின்ட் அப்படியே இருக்கு, கால் அடியில மட்டும் துரு. ஒண்ணுல குழாயே வாய் பிளந்திருக்கு.
அலுமினியச் சாய்வு நாற்காலி: வெள்ளையா மாவு பூத்திருக்கு.
பிரம்புக் கூடை ஊஞ்சல்: பச்சையும் கறுப்புமா பூசணம்.
குஷன் ஆறு: வேண்டாம், யாராவது சாப்பிட்டுக்கிட்டே படிப்பீங்க.
பிளாஸ்டிக் நாற்காலி ரெண்டு: தார்ப்பாய் பத்தலைன்னு வெளியவே விட்டுட்டுப் போனேன். மழையில முழுசா நனைஞ்சது இதுங்கதான், இருக்கறதுலயே நல்லா இருக்கறதும் இதுங்கதான். தடவினா மட்டும் உள்ளங்கையில வெள்ளையா ஒட்டுது.

மூடினது கெட்டு, மூடாதது பிழைச்சது எப்படி? எதைத் தேத்தலாம், எதைத் தூக்கிப் போடணும்?

#2 உளிச்சத்தம்

தம்பி, கேள்விக்குள்ளயே பதிலை வெச்சிருக்கீங்க. மழை கெடுக்கல, நீங்க கட்டின கட்டுதான் கெடுத்துச்சு.

தார்ப்பாய்க்கு மூச்சு கிடையாது. தரையில ஈரம் இருக்கும், மரத்துக்குள்ள ஈரம் இருக்கும், குஷன்ல சொல்லவே வேண்டாம். பகல்ல வெயில் பட்டதும் அந்த ஈரம் ஆவியா கிளம்பும். போக வழியில்லை. ராத்திரி தார்ப்பாய் சில்லுனு ஆனதும் அதோட உள்பக்கத்துல முத்து முத்தா கோத்துக்கிட்டு சாமான் மேலேயே சொட்டும். மறுநாள் மறுபடியும் அதே கதை. மூணு மாசம் தினமும் ஒரு குட்டி மழை உள்ளுக்குள்ள பெஞ்சிருக்கு, காய மட்டும் விடல.

மரத்துல ஈரம் அதன் காய்ந்த எடையில 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தா உளுக்க வைக்கிற பூஞ்சை பிடிக்காது. நிழலும் காத்தும் உள்ள இடத்துல இருக்கற மரம் சாதாரணமா 12, 15னு தான் நிற்கும். மழையில நனைஞ்சாலும் ரெண்டு நாள் காத்தாடினா மேல் ஈரம் இறங்கிடும். நீங்க அந்த ரெண்டு நாளைக் கொடுக்கல.

இனிமே மூடணும்னா மூணு விஷயம். மூடுற துணி தரையைத் தொடக்கூடாது, ஒரு சாண் மேலேயே நிற்கட்டும். நடுவுல ஒரு வாளியோ பந்தோ கவுத்து வெச்சுக் கூரை மாதிரி சரிவு கொடுங்க, இல்லைன்னா குளம் கட்டும். கால்களுக்கு அடியில ஏதாவது கட்டை கொடுத்துத் தரையை விட்டுத் தூக்குங்க. பக்கவாட்டுல காத்துப்பொந்து வெச்ச உறைகளும் கிடைக்குது. அந்தப் பொந்து கீழ்நோக்கித் திறக்குதான்னு பாத்து வாங்குங்க.

#3 தூக்கம்வராதவன்

தளர்வா கட்டினாலும் வம்புதான். என்னுது ஒரு மாசம் காத்துல படபடன்னு அடிச்சு, மேசை மூலையில இருந்த பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி தேய்ச்சுடுச்சு. உறைக்கும் மேசைக்கும் நடுவுல தூசி மாட்டிக்கிச்சு, அதுவே உப்புத்தாள் வேலையைப் பாத்திருக்கு.

#4 மாடிவாசி

@உளிச்சத்தம் அண்ணா, படிச்சதும் வெட்கமா போச்சு. இப்ப அந்தத் தேக்கு மேசையை என்ன பண்றது? வார்னிஷைச் சுரண்டிட்டு இன்னும் ரெண்டு கோட் தடிமனா அடிச்சா போதுமா?

#5 உளிச்சத்தம்

தடிமனா அடிச்சா தடிமனா உரியும். அவ்வளவுதான்.

மரம் சும்மா இருக்காது தம்பி. ஈரம் குடிச்சா அகலத்துல ஊதும், காய்ஞ்சா சுருங்கும். நீளவாக்குல கிட்டத்தட்ட ஒண்ணுமே அசையாது. பச்சை மரத்துல இருந்து முழுக்கக் காயுற வரைக்கும் தேக்கு அகலத்துல அதிகபட்சம் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே சுருங்கும். மத்த மரங்களோட பாத்தா இது சாது. அந்தச் சாது மரமே வெயில்ல இருக்கற வார்னிஷை விட அதிகமா அசையும். வெயில் பட்டுப் பட்டு வார்னிஷ் விறைச்சுடும், மரம் இழுக்கும், எங்கயாவது ஒரு மயிரிழை விரிசல் விடும். அந்த வழியா தண்ணி உள்ளே போயிடும். போன தண்ணி வெளிய வராது, ஏன்னா மேல வார்னிஷ் மூடியிருக்கு. உங்க தார்ப்பாய் கதையேதான், சின்ன அளவுல. பால் மாதிரி வெளுத்தது அதனாலதான். வீட்டுக்குள்ள அடிக்கிற பாலியூரிதேன் வார்னிஷ்னா இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இப்ப செய்ய வேண்டியது: உரியுறதெல்லாம் சுரண்டி எடுங்க. 80 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 120ல நிறுத்துங்க. நார் போற போக்குலயே தேய்க்கணும், குறுக்க வேண்டாம். அதுக்கு மேல வழவழப்பாக்க வேண்டாம், வெளியில கிடக்குற மரத்துக்கு அது வீண் வேலை. தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிற மெஷின் பக்கமே போகாதீங்க. மெத்துனு இருக்கற நாரையெல்லாம் அது பிச்செடுத்துடும், மேசை உழுத வயல் மாதிரி ஆகிடும்.

அப்புறம் முக்கியமான இடம், யாரும் கவனிக்காத இடம்: கால் அடி. மரத்தை ஒரு கட்டு உறிஞ்சுகுழலா நினைச்சுக்குங்க. பக்கவாட்டுல தண்ணி மெதுவா ஏறும், வெட்டுமுகத்துல சர்ருனு ஏறும். மேசையைக் கவுத்துப் போட்டு, நல்லா காயவிட்டு, நாலு கால் அடியிலயும் நீர்த்த எபாக்ஸியை (ரெண்டு திரவம் கலந்து கெட்டியாகிற பிசின்) மரம் குடிக்கிற வரைக்கும் தடவுங்க. எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, ஆனா கால் அடியில வெயில் ஏது? அது காய்ஞ்சதும் சின்னதா பிளாஸ்டிக் குமிழ் அடிச்சுடுங்க. ரப்பர் குப்பி மாட்டுறாங்களே, அதை மட்டும் மாட்டாதீங்க. அது கிண்ணம். தண்ணியைப் பிடிச்சு வெச்சுக் காலுக்குப் புகட்டும்.

மேல என்ன பூசறதுன்னா... என் யோசனை, ஒண்ணும் பூசாதீங்க.

#6 எண்ணெய்ச்சட்டி

அண்ணாவோட நான் ஒத்துப்போகாத இடம் இதுதான். எட்டு வருஷமா வருஷத்துக்கு ரெண்டு தடவை என் தேக்கு பெஞ்சுக்கு டீக் ஆயில் போடுறேன். தேன் நிறம் அப்படியே இருக்கு. ஒண்ணும் பூசாம விட்டா சாம்பல் நிறமாகிடும். காசு போட்டுத் தேக்கு வாங்கினது சாம்பல் நிறத்துல பாக்கவா?

#7 உளிச்சத்தம்

அழகுக்குன்னா போடுங்க, நான் தடுக்கல. எட்டு வருஷம் விடாம செய்யறீங்களே, அது பெரிய விஷயம். நிறைய பேர் ரெண்டாவது வருஷமே விட்டுடுவாங்க.

ஆனா காப்பாத்துதுன்னு சொல்லாதீங்க. அந்த டின்ல இருக்கறது தேக்குல இருந்து எடுத்த எண்ணெய் இல்லை. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் மரத்து விதை எண்ணெயோ, கூட கரைப்பான். வைரம் பாய்ஞ்ச தேக்குல சொந்தமாவே எண்ணெய்ப்பசை இருக்கு, உளியை மழுக்குற சிலிக்காவும் இருக்கு. நாம மேல தடவறது அதுக்குத் தேவையே இல்லை. ஈரமான இடத்துல அந்த எண்ணெயே பூசணத்துக்குத் தீனி ஆகிடும்.

சாம்பல் நிறம் உளுத்துப் போனதால வர்றது இல்லை. நாரை ஒட்ட வெச்சிருக்குற லிக்னினை வெயில்ல இருக்கற புற ஊதாக்கதிர் உடைக்கும், மழை அதைக் கழுவிடும், மிச்சம் நிக்கிற வெளிர் நார்தான் சாம்பலா தெரியும். ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. வெயில்லயும் மழையிலயும் திறந்து கிடக்குற மென்மரமே 100 வருஷத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர்தான் தேயும்னு கணக்கு வெச்சிருக்காங்க. தேக்கு அதைவிடக் கெட்டி.

ஒரு நிபந்தனை: நான் சொல்றது வைரத்துக்கு, அதாவது மரத்தோட நடுவுல இருக்கற கெட்டியான பகுதிக்கு. பட்டையை ஒட்டின வெள்ளைப் பகுதி இருந்தா, அது தேக்கா இருந்தாலும் உளுக்கும், பூச்சியும் பிடிக்கும். விலை மலிவா கிடைச்ச “தேக்கு”ல பாதி அந்த வெள்ளைதான்.

#8 பயந்தசுபாவம்

எண்ணெய் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை, தயவுசெஞ்சு படிச்சுட்டுப் போங்க. ஆளிவிதை எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில போடாதீங்க. அந்த எண்ணெய் காயறதே காத்துல இருக்கற ஆக்ஸிஜனோட சேர்ந்துதான், அப்போ சூடு வெளிவரும். விரிச்சுப் போட்ட துணின்னா சூடு பறந்துடும். கசக்கிப் போட்ட துணிக்கு நடுவுல சூடு ஏறி ஏறித் தானா தீப்பிடிக்கும். எங்க ஷெட்ல ராத்திரி புகை வந்ததைப் பாத்தவன் நான். கம்பியில ஒத்தையா விரிச்சுக் காயப் போடுங்க, இல்லைன்னா தண்ணியில முக்கி மூடின தகர டப்பாவுல வைங்க.

#9 எண்ணெய்ச்சட்டி

இது எனக்குத் தெரியவே தெரியாது. எட்டு வருஷமா சுருட்டித்தான் போட்டிருக்கேன். நன்றி.

#10 பட்டறைவாசி

இரும்புக்கு நான் வர்றேன்.

மாடிவாசி, உங்க நாற்காலியில மேல பெயின்ட் நல்லா இருக்கு, கீழ குழாய் வெடிச்சிருக்குன்னு சொன்னீங்களே, அது வெளியிலிருந்து பிடிச்ச துரு இல்லை. உள்ளேயிருந்து வந்தது. ஆணி ஓட்டை வழியாவோ வெல்டிங்ல விட்ட ஊசித்துளை வழியாவோ தண்ணி குழாய்க்குள்ள இறங்கி, கால் அடியில தங்கிடும். அடியில பிளாஸ்டிக் மூடி வேற. துரு இரும்பை விட இடம் அதிகம் கேட்கும், ரெண்டு மடங்குக்கு மேல, ஆறு மடங்கு வரைக்கும்கூடப் போகும். குழாய் பிளக்காம என்ன செய்யும்?

பிளந்ததை ஒதுக்கி வைங்க, அதுல யாரும் உட்கார வேண்டாம். வெல்டிங் தெரிஞ்சவர்கிட்ட காட்டி, கால் அடியை நாலு விரல் வெட்டிப் புதுத்துண்டு வைக்க முடியுமான்னு கேளுங்க. மத்த மூணுக்கும் அடியில இருக்கற மூடியைக் கழட்டுங்க. தண்ணி கொட்டும், நான் பந்தயம் கட்டுறேன். காயவிட்டு, குழாயோட ஆகத் தாழ்ந்த இடத்துல 5 அல்லது 6 மில்லிமீட்டர் துளை போட்டு விடுங்க. ஓட்டை போட்டா தண்ணி போகுமேன்னு பயப்படாதீங்க. போறது எப்படியும் போகும், வெளிய வர வழி வேணும்.

வெளித்துருவுக்கு: கம்பி பிரஷ் போட்டு, பொரிஞ்சதெல்லாம் உதிர்ற வரைக்கும் தேய்ங்க. பள்ளத்துக்குள்ள உட்கார்ந்திருக்கற துருவுக்குத் துரு மாத்தித் திரவம் போடலாம், டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும், துருவைக் கறுப்பா கெட்டியாக்கும். உதிர்ற துரு மேல அதை ஊத்திட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. அப்புறம் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ஒரு கோட், காய்ஞ்சதும் எனாமல் ரெண்டு கோட். தேய்ச்ச அன்னைக்கே பிரைமர் அடிச்சுடணும். ராத்திரி பனியில விட்டா காலையில செம்மண் பூசின மாதிரி இருக்கும்.

பவுடர் கோட்டிங் போட்ட சாமான்னா, ஒரு கீறல் விழுந்தாலும் உடனே மூடுங்க. அந்தப் பூச்சுக்கடியில துரு புழு மாதிரி ஊர்ந்துகிட்டே போகும், மேல மட்டும் பளபளன்னு இருக்கும்.

#11 சும்மாகேட்டேன்

ஜிங்க் பூசின இரும்புக்கு நேரா எனாமல் அடிக்கலாமா?

#12 பட்டறைவாசி

கூடாது. எண்ணெய் எனாமலும் துத்தநாகமும் சேர்ந்தா நடுவுல சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும், ஒரு வருஷத்துல பாய் பாயா உரியும். அதுக்குன்னே இருக்கற எட்ச் பிரைமர் முதல்ல அடிங்க. பெயின்டே அடிக்கலைன்னாலும் பரவாயில்லை, துத்தநாகம் தன்னைக் கரைச்சுக்கிட்டு இரும்பைக் காப்பாத்தும், கீறல் விழுந்த இடத்துலகூட.

#13 வாத்தியார்

மேசையில் ஸ்க்ரூவைச் சுற்றி “மை கொட்டினாப்ல” கறுப்பு என்று மாடிவாசி எழுதியிருக்கிறார். உவமை இல்லை, அது மையேதான். மரத்தில் டானின் இருக்கிறது. ஈரத்தில் இரும்பு கரைந்து அதோடு சேரும்போது கருநீல உப்பு உண்டாகும். பல நூறு ஆண்டுகள் மனிதர்கள் தாளில் எழுதிய இரும்பு மையும் இதே சேர்க்கைதான்.

போக்குவதற்கு ஆக்ஸாலிக் அமிலம். வெந்நீரில் கரைத்து, பிரஷால் கறை மீது மட்டுமில்லாமல் பலகை முழுக்கத் தடவுங்கள், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகத் தெரியும். அரை மணி விட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். உலோகப் பாத்திரத்தில் கரைக்க வேண்டாம். இது விஷம்; கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தூளை மூச்சில் இழுத்துவிடக் கூடாது. பூசணத்துக்குப் போட்ட பிளீச் காயாத இடத்தில் இதை ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும்.

கறையை எடுத்துவிட்டு அதே இரும்பு ஸ்க்ரூவைப் போட்டால் அடுத்த மழைக்கு அதே மை. துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவாக மாற்றுங்கள்.

இனி அலுமினியம். அந்த வெள்ளை மாவு அலுமினிய ஆக்ஸைடும் ஹைட்ராக்ஸைடும். அலுமினியம் காற்றுப்பட்ட நொடியில் நானோமீட்டர் கணக்கில் ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொள்கிறது, அதுதான் அதன் கவசம். ஈரம் தொடர்ந்து தங்கி, கூடவே உப்பும் இருந்தால் கவசம் அங்கங்கே பொத்தல் விடும். சோப்பு நீரில் மென்மையான பிரஷால் கழுவினால் மாவு போய்விடும். குழிகள் இருந்தால் அவை போகாது, பலமும் பெரிதாகக் குறையாது. நன்றாக உலர்ந்த பிறகு கார் மெழுகு ஒரு பூச்சு போடுங்கள்.

ஆனால் மாவு எங்கே அதிகம் என்று பாருங்கள். இரும்பு ஸ்க்ரூ ஏறிய இடங்களைச் சுற்றித்தானே? இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு ஈரத்தில் நின்றால் அது ஒரு சின்ன பேட்டரி. அந்த இணையில் கரைந்து போவது அலுமினியம். நடுவில் நைலான் வாஷர் வையுங்கள், உலோகங்கள் தொட்டுக்கொள்வது குறையும்.

#14 மாடிவாசி

சார், போய்ப் பாத்துட்டு வந்தேன். நீங்க சொன்ன மாதிரியே, சாய்வை ஏத்தி இறக்குற இடத்துல இருக்கற ரெண்டு இரும்பு போல்ட்டைச் சுத்தித்தான் மாவு!

#15 உப்புக்காத்து

கடலுக்குப் பக்கத்துல இருக்கறவன் சார்பா ஒரு திருத்தம். “துருப்பிடிக்காத எஃகு”ன்னு வாத்தியார் சொல்லிட்டுப் போயிட்டார். எல்லா ஸ்டெயின்லெஸ்ஸும் எங்ககிட்ட செல்லாது. 304 ரகம் ஒரே வருஷத்துல டீ சிந்தின மாதிரி பழுப்பாகிடும். 316ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருக்கும், அது உப்பைத் தாங்கும். காந்தம் வெச்சுப் பாத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ரெண்டுலயும் காந்தம் சரியா ஒட்டாது. ஸ்க்ரூ தலையில A4ன்னு பொறிச்சிருந்தா 316 வகை, A2ன்னா 304 வகை.

அந்தப் பழுப்பைப் போக்க இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீங்க. நார் துகள் எஃகுல பதிஞ்சு அதுவே துருப்பிடிக்கும். நான் செஞ்ச தப்பு.

எங்களுக்கு மழை எதிரி இல்லைங்க, நண்பன். உப்பைக் கழுவிவிடுது. கூரைக்கு அடியில மழை படாம இருக்கற நாற்காலிதான் முதல்ல போகுது. மழை இல்லாத வாரங்கள்ல நாங்களே நல்ல தண்ணி ஊத்திக் கழுவுவோம்.

#16 தூக்கம்வராதவன்

கூரைக்கு அடியில இருக்கறது முதல்ல போகுதா! இன்னைக்குத் தூங்கின மாதிரிதான்.

#17 நிழல்தேடி

பிளாஸ்டிக் பத்தி யாரும் பேசலை. பாவம்னு நான் பேசறேன், வேலையே அதுலதான்.

அச்சுல ஒரே துண்டா வார்த்த அந்த நாற்காலி பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். இருக்கைக்கு அடியில முக்கோணத்துக்குள்ள 5ன்னு போட்டிருக்கும். தண்ணி அதை ஒண்ணும் செய்யாது, தண்ணியில போட்டா மிதக்கும். அதுக்கு ஒரே எமன் வெயில். அதோட மூலக்கூறுச் சங்கிலியில குறிப்பிட்ட இடைவெளியில பலவீனமான கண்ணி இருக்கு. புற ஊதாக்கதிர் அங்கதான் வெட்டும். மேல்தோல் துண்டு துண்டா ஆகி, உள்ளே கலந்திருந்த வெள்ளை நிறமி தனியா வந்து கையில ஒட்டும். மாடிவாசி பாத்த வெள்ளைத் தூள் அதுதான். அதனால “இருக்கறதுலயே நல்லா இருக்கு”ன்னு நம்பாதீங்க.

கவுத்துப் போட்டு, கால் இருக்கையோட சேர்ற இடத்தை வெளிச்சத்துல பாருங்க. மெல்லிய வெடிப்புக்கோடு இருந்தா, முதுகைப் பின்னாடி அழுத்தும்போது நெறுநெறுன்னு சத்தம் வந்தா, அது நாற்காலி இல்லை, காத்திருக்கற விபத்து. வளைஞ்சு கொடுத்துட்டு நிமிர்ற வரைக்கும்தான் பாலிப்ரொப்பிலீன் நல்ல பிள்ளை. விறைச்சுப்போச்சுன்னா எச்சரிக்கையே இல்லாம படீர்னு ஒடியும். பெரியவங்களை அதுல உட்கார வைக்காதீங்க.

புதுசா வாங்கறப்போ கறுப்பு வாங்குங்க. சூடேறும், உண்மைதான். ஆனா வெயிலுக்குக் கரித்தூளை மிஞ்சின மருந்து இல்லை. வெளியில போடுற கறுப்புத் தண்ணிக்குழாய்ல 2 முதல் 2.5 சதவீதம் கரித்தூள் கலக்கறது இதுக்குத்தான். மத்த நிறங்கள்ல தனியா ஒரு நிலைப்படுத்தி சேர்ப்பாங்க. எவ்வளவு சேர்த்தாங்கங்கறது செஞ்சவருக்கே வெளிச்சம்.

காப்பாத்துறதுக்கு ஒரே வழி நிழல். மழை நாள்ல இல்லை, வெயில் நாள்ல உள்ளே எடுத்து வைங்க. உலகமே தலைகீழா செய்யுது.

பின்னல் நாற்காலி செயற்கைன்னா, பாலிஎத்திலீன் பின்னலான்னு கேட்டு வாங்குங்க. பிவிசி பின்னல் கொஞ்ச நாள்ல விறைச்சு வெடிக்கும்.

#18 ஊசிநூல்

குஷன் படம் எதுவும் போடாததுக்கு நன்றி தம்பி. எனக்குக் கற்பனை போதும்.

உள்ளே பஞ்சு மாதிரி இருக்கற சாதா ஃபோம் தண்ணியைக் குடிச்சா திருப்பித் தராது. மூணு மாசம் ஊறி, உள்ளே கறுப்புப் புள்ளி வந்த ஃபோமைத் துவைச்சுத் தேத்த நினைக்காதீங்க, தூக்கிப் போடுங்க. தலையணைக்குப் பக்கத்துல வைக்கற பொருள், மூச்சுல போகும். உறையைக் கழட்டித் துவைச்சுப் பாக்கலாம். சோப்புத்தண்ணியில ஊற வெச்சு, வெயில்ல உலர்த்தி, வாடை போச்சான்னு மோந்து பாருங்க. எடுத்த உடனே பிளீச் வேண்டாம், துணியை விட தையல் நூல் முதல்ல போயிடும்.

நூல்னு சொன்னதும் ஞாபகம் வருது. நிறைய வெளிப்புறக் குஷன்ல துணி அஞ்சு வருஷம் உழைக்கும், தையல் ரெண்டு வருஷத்துல பிரியும். பருத்தி நூல் ஈரத்துல இத்துப்போகும், நைலான் நூல் வெயில்ல இத்துப்போகும். பாலியஸ்டர் நூல் கேளுங்க. துணியில நூலா நூற்கும் முன்னாடியே சாயம் கலந்த அக்ரிலிக் இருக்கு, கேரட் மாதிரி உள்ளேயும் அதே நிறம். மேலாக அச்சடிச்சது முள்ளங்கி, தோலோட நிறம் போயிடும்.

புது ஃபோம் வாங்கறப்போ கண்ணறை (உள்ளே இருக்கற சின்னச் சின்ன ஓட்டை) பெருசா, முழுக்கத் திறந்த ரகம் கிடைக்குதான்னு பாருங்க, தண்ணி ஊத்தினா அடியில ஒழுகிடும். அது கிடைக்கலைன்னா ஒரு பழக்கம் போதும்: மழை வந்துட்டா குஷனைப் படுக்க வைக்காம, ஜிப் கீழே வர்ற மாதிரி நட்டுக்க நிறுத்துங்க. தண்ணி ஜிப் வழியா வடிஞ்சுடும். உறையோட அடிப்பக்கத்துல ரெண்டு ஐலெட் அடிச்சுவிட்டா இன்னும் நல்லது. பட்டறைவாசி தம்பி குழாய்ல ஓட்டை போடச் சொன்னாரே, அதே தத்துவம்தான், நான் துணியில சொல்றேன்.

#19 பட்டறைவாசி

அக்கா 👍

#20 உளிச்சத்தம்

பிரம்பு ஊஞ்சல் பாக்கி இருக்கு. நிஜப் பிரம்புன்னா அது வெளியில போடுற சாமானே இல்லை. தாழ்வாரத்தோட நிறுத்திக்கணும். பூசணத்தை முதல்ல வெளியில வெச்சு, மூக்கை மூடிக்கிட்டு, ஈரத்துணியால துடைச்சு எடுங்க. வறட்டுப் பிரஷ் போட்டா பூசண விதை பறக்கும். மிதமான சோப்பு, பழைய பல்துலக்கி, ரெண்டு நாள் நிழல் காத்து. கடும் வெயில்ல போட்டா விறைச்சு வெடிக்கும். தொங்குற ஊஞ்சல்ங்கறதால கொக்கி மாட்டுற கழுத்துப் பின்னலை அழுத்திப் பாருங்க. நகம் உள்ளே இறங்கினா அதுல ஏற வேண்டாம். மேசை உளுத்தா டம்ளர் விழும், ஊஞ்சல் உளுத்தா ஆள் விழும்.

#21 பனிப்பிரதேசம்

குளிர் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்காக ஒரு பத்தி. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பட்டறைவாசி சொன்ன குழாய்க்கால் எங்கள் ஊர்க் குளிரில் துருவுக்குக் காத்திருக்காது, ஒரே இரவில் பிளக்கும். அலுமினியமும் தப்பாது. கல், சிமென்ட் மேசைகளில் மயிரிழை விரிசல் இருந்தால் பனி அதை ஆண்டுக்கு ஆண்டு அகலமாக்கும். குளிர் வருமுன் துளையைக் குச்சியால் குத்தி அடைப்பை எடுத்துவிடுகிறோம். சிலந்தி கட்டிய கூடு ஒன்று போதும், அடைத்துக்கொள்ளும்.

கல் என்றதும் இன்னொன்று: கருங்கல் எதையும் தாங்கும். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட், எலுமிச்சைச் சாறு சிந்தினாலே மினுமினுப்பு போய்விடும். பாசி போக்க அதன்மேல் அமிலம் ஊற்றி மேசையையே இழந்தவர்களைத் தெரியும்.

#22 சும்மாகேட்டேன்

பழைய கட்டுமானத்துல கழட்டின மருந்தேத்தின பலகை நிறைய இருக்கு, லேசா பச்சை நிறம். உளுக்கவே இல்லை. அதுல பெஞ்ச் செய்யலாமா?

#23 வாத்தியார்

எப்போது ஏற்றிய மருந்து என்று தெரியாவிட்டால் வேண்டாம். பழைய பச்சைப் பலகைகளில் பெரும்பாலும் தாமிரம், குரோமியத்தோடு ஆர்செனிக்கும் இருந்தது. அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு அதைச் செய்வதை நிறுத்தினார்கள். கை படும், சாப்பாடு வைக்கும் பெஞ்சுக்கு அது ஆகாது. முக்கியமாக அதை எரிக்காதீர்கள், ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். இழைக்கவும் வேண்டாம், தூளும் அதேதான். பிறகு வந்த, தாமிரம் மிகுந்த மருந்துகளில் ஆர்செனிக் இல்லை. ஆனால் அவை சாதா இரும்பு ஆணியை வேகமாக அரிக்கும்.

#24 மாடிவாசி

மூணு வாரம் ஆச்சு, நிலவரம் சொல்லிடறேன்.

நாற்காலி மூடியைக் கழட்டினேன். மூணுலயும் பழுப்புத் தண்ணி, ஒண்ணுல ஒரு டம்ளருக்கு மேல. பட்டறைவாசி பந்தயத்துல ஜெயிச்சாச்சு. துளை போட்டு, பிரைமர் அடிச்சாச்சு. பிளந்ததை வெல்டருக்கு அனுப்பியிருக்கேன். குஷன் ஆறுல ஃபோம் ஆறும் குப்பைக்கு, உறையில நாலு தேறிச்சு. பிளாஸ்டிக் நாற்காலியை முதுகை அழுத்திப் பாத்தேன்: ஒண்ணு வளைஞ்சது, ஒண்ணு நெறுநெறுத்தது. நெறுநெறுத்ததுல இப்ப பூந்தொட்டி உட்கார்ந்திருக்கு. ஊஞ்சல்ல நகம் இறங்கலை, தாழ்வாரத்துக்கு மாத்திட்டேன்.

தேக்கு மேசையில கறுப்பு போயிடுச்சு. 120ல நிறுத்திட்டேன், ஒண்ணும் பூசலை. நேத்து அதுல முதல் மழை பெஞ்சது. உள்ளே ஓடிப்போய்த் தார்ப்பாயை எடுக்கக் கை பரபரன்னு வந்துச்சு, ஜன்னல் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். காலையில பத்து மணிக்கெல்லாம் காய்ஞ்சுடுச்சு.

@எண்ணெய்ச்சட்டி, வீட்ல அம்மா உங்க கட்சி. தேன் நிறம் வேணுமாம். எண்ணெய் தடவி முடிச்சதும் துணியை விரிச்சுத்தானே காயப் போடணும்?

#25 எண்ணெய்ச்சட்டி

ஒத்தையா, கம்பியில, நல்லா காத்து வர்ற இடத்துல. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.